ஒரே விமானம், இரண்டு யூனிட்: ரிசர்வ் மெயின்டனன்ஸில் புதிதாகப் பொறுப்பேற்கிறவர்களுக்கு

சி-17 சரக்கு விமானம் ஒன்றின் ஒரு சக்கரம் ஜாக் மேல் நிற்கிறது. பழைய பிரேக்கைக் கழற்றிப் புதியதை ஏற்றியாகிவிட்டது. நடுவில் ஒரு படியில், தகுதி பெற்ற ஒருவர் வந்து கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த போல்ட்டைத் தொடலாம். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் அன்று எங்கள் ரிசர்வ் பக்கத்தில் ஒரே ஒருவர், அவர் பல் பரிசோதனைக்குப் போயிருந்தார். சனிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி வரை ஆறு பேர் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து விமானத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆக்டிவ் (முழுநேரப் படை) சார்ஜென்டுக்கும் அதே தகுதி உண்டு. அவரைக் கூப்பிடலாமா கூடாதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, அதனால் கூப்பிடவில்லை.

அந்த வேலைக்கு அன்று பொறுப்பு நான். வேலை தெரியாமல் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, வேலை தெரிந்த ஆறு பேர் காகிதம் சரியாக இல்லாததால் நின்றோம், அதுதான் எரிச்சல்.

இந்தக் கட்டுரை யாருக்கு என்றால், அமெரிக்க விமானப்படை ரிசர்விலோ ஏர் நேஷனல் கார்டிலோ (மாநிலங்களின் விமானப்படை, சுருக்கமாக கார்ட்) மெயின்டனன்ஸ் பக்கம் இருந்துகொண்டு, வார நாட்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இப்போது திடீரென்று ‘இந்த மாத வார இறுதி வேலையை நீ பார்த்துக்கொள்’ என்று தலையில் கட்டப்பட்டிருப்பவர்களுக்கு. போன வருடம் இரண்டு தமிழ்த் தம்பிகள் தனித்தனியாகப் போன் செய்து இதையே கேட்டார்கள், இரண்டு பேருக்கும் சொன்னதைத்தான் சேர்த்து எழுதுகிறேன். சேருவது எப்படி, பயிற்சி முகாம் எப்படி என்பதெல்லாம் இதில் கிடையாது. நான் இருந்தது பெரிய சரக்கு விமானங்கள் பக்கம், ஃபைட்டர் பக்கம் இருப்பவர்களுக்குச் சில பெயர்கள் மாறும்.

1. ஆர்.சி. புக் யார் பேரில் என்று முதலில் கேளுங்கள்

வண்டியை இரண்டு பேர் ஓட்டலாம், ஆர்.சி. புக் ஒருவர் பேரில்தான் இருக்கும். ஆக்டிவும் ரிசர்வும் ஒரே விமானங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அசோசியேஷன் என்று பெயர். விமானம் ஆக்டிவுக்குச் சொந்தமாக இருந்து, ரிசர்வோ கார்டோ கூடச் சேர்ந்து ஓட்டிப் பராமரித்தால் அது கிளாசிக் அசோசியேஷன். சார்ல்ஸ்டனில் 437-வது விங்கின் (ஆக்டிவ் படைப்பிரிவு) சி-17களில் ரிசர்வின் 315-வது விங் வேலை செய்வது, மெக்கார்டில் 62-வதும் 446-வதும், டிராவிஸில் 60-வதும் 349-வதும் எல்லாம் இந்த வகை. விமானம் கார்ட் அல்லது ரிசர்வ் பேரில் இருந்து ஆக்டிவ் ஆட்கள் வந்து சேர்ந்தால் அது ஆக்டிவ் அசோசியேஷன். ஹவாயில் ஹிக்கம் தளத்தில் எஃப்-22கள் ஹவாய் கார்டின் 154-வது விங்குடையவை, ஆக்டிவின் 15-வது விங் ஆட்கள் அவற்றில் சேர்ந்து வேலை செய்கிறார்கள். கார்டும் ரிசர்வும் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளும் மூன்றாவது வகையும் உண்டு, அது குறைவு.

ஆக்டிவ் அசோசியேஷன் என்றால் விமானம் ஆக்டிவுடையது என்று முதல் மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நேர் எதிர். பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இது ஏன் முதல் படி என்றால், எந்த விமானம் எப்போது பறக்கும், எது இன்ஸ்பெக்‌ஷனுக்கு உள்ளே போகும், எந்த வேலைக்கு முன்னுரிமை என்பதையெல்லாம் சொந்தக்காரர்தான் முடிவு செய்வார். கிளாசிக் வகையில் ரிசர்வ்காரரான உங்களிடம் நல்ல ஆட்கள் இருக்கலாம், ஆனால் அட்டவணை அவர்கள் கையில்.

கேட்டு வாங்க வேண்டிய காகிதம் இரண்டு. ஒன்று, இரண்டு யூனிட்டும் எப்படிச் சேர்ந்து இயங்கும் என்று எழுதிய ஒருங்கிணைப்புத் திட்டம், எல்லோரும் ‘ஐ-ப்ளான்’ என்பார்கள். இன்னொன்று அதற்குக் கீழே இரண்டு கமாண்டர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், எம்ஓஏ. முழுக்கப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. யார் கையெழுத்து யாருக்குச் செல்லும், டூல் ரூம் ஒன்றா இரண்டா, பயிற்சிப் பதிவை எந்தப் பக்கம் வைத்திருக்கும், வார இறுதியில் ஷிஃப்டுக்கு யார் பொறுப்பு, இந்த நாலை மட்டும் தேடிப் படியுங்கள். அப்புறம் கடைசிப் பக்கத்துத் தேதியைப் பாருங்கள். ஆக்டிவ் கமாண்டர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பவர்கள். கையெழுத்துப் போட்டவர் எப்போதோ போயிருப்பார், புதியவர் அப்படி ஒரு காகிதம் இருப்பதையே பார்த்திருக்க மாட்டார். எங்கள் பிரேக் கதைக்கான பதில் அந்த எம்ஓஏவில் ஒரு வரியாக இருந்தது: ‘கூப்பிடலாம்.’ படித்தது மூன்று வாரம் கழித்து.

2. இந்த ஆள் இன்றைக்கு என்ன கணக்கில் வந்திருக்கிறார்?

எல்லோரும் ஒரே யூனிஃபார்ம்தான். ஆனால் காலையில் வரிசையில் நிற்கும் பன்னிரண்டு பேரில் நாலு வகை இருக்கும்.

ஆக்டிவ் ஆட்கள் முழுநேரம், அவர்களைப் பற்றிக் குழப்பம் இல்லை. மாதம் ஒரு வார இறுதியும் வருடத்துக்கு இரண்டு வாரமும் வருகிறவர் டிஆர், அதாவது சாதாரண ரிசர்விஸ்ட், உங்களையும் என்னையும் போல. ஏஜிஆர் என்றால் ரிசர்வ்காரர், ஆனால் முழுநேரப் படைப்பணி. நாலாவது வகைதான் புதியவர்களைக் குழப்புவது: ஏஆர்டி. திங்கள் முதல் வெள்ளி வரை இவர் அரசு சிவிலியன் ஊழியர், யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் சிவிலியன்தான். யூடிஏ எனப்படும் மாதாந்திரப் பயிற்சி வார இறுதியில் அதே ஆள், அதே விமானத்தில், படைவீரர். கார்டில் இவரைப் போன்றவரை டூயல்-ஸ்டேட்டஸ் டெக்னீஷியன் என்பார்கள்.

நடைமுறையில் இதன் பொருள், புதன்கிழமை மாலை வேலை முடியவில்லை என்று ஏஆர்டியைப் பிடித்து நிறுத்திவைக்க முடியாது. ஓவர்டைமோ ஈடு விடுப்போ முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சிவிலியன் கணக்கில் இருக்கும்போது ராணுவச் சட்டம் அவருக்குச் செல்லாது. பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் இருபது வயது ஆக்டிவ் பையன் இரவு பத்து மணி வரை நிற்பான், ஏஆர்டி நாலரைக்குக் கிளம்புவார். பையன் முறைப்பான். யார் மேலும் தப்பு இல்லை, ஆனால் இதை முன்னாலேயே எடுத்துச் சொல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று பேச்சு ஆரம்பிக்கும்.

ஆக்டிவ் பக்கத்து ஷிஃப்ட் பொறுப்பாளர் உங்கள் ஆட்களிடம் ‘இதை இப்போது செய், இந்த வரிசையில் செய்’ என்று சொல்லலாம், அசோசியேஷன் ஏற்பாட்டில் அதற்கு இடம் உண்டு. விடுப்பு, தண்டனை, மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் அவரவர் சொந்தக் கமாண்டர் வழியாகத்தான். கார்டில் இன்னும் ஒரு படி கூடுதல்: சாதாரண நாட்களில் மாநில ஆளுநரின் கீழ் டைட்டில் 32 என்ற சட்டப் பிரிவு, கூட்டாட்சிப் பணிக்கு எடுத்தால் டைட்டில் 10. எந்த டைட்டிலில் வந்திருக்கிறார் என்பது அவர் பணி உத்தரவான ஆர்டரிலேயே எழுதியிருக்கும், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

ஒரு வெள்ளைப் பலகையில் பெயர், வகை, எத்தனை மணி வரை என்று மூன்று பத்தி போட்டு வைத்துவிடுங்கள். எனக்கு இதைவிட உபயோகமான கருவி அந்த ஹேங்கரில் கிடையாது.

3. வார இறுதிக்கு மூன்று வாரம் முன்பே காகித வேலை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய் லாகின் செய்து பார்த்தால் கணக்கு முடங்கியிருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே போகாத கணக்குகள் முடங்கும் வகையில்தான் அந்தக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, நம் யூடிஏவுக்கும் யூடிஏவுக்கும் நடுவே சில மாதம் ஐந்து வாரம். சரிசெய்யும் அலுவலகம் சனிக்கிழமை திறந்திருக்காது. எங்களுடைய பெரிய விமானங்களுக்கு மெயின்டனன்ஸ் பதிவெல்லாம் ஜி081 என்ற சிஸ்டத்தில், ஃபைட்டர்களுக்கு ஐஎம்டிஎஸ். அதில் நுழைய முடியாத ஆள் வேலை செய்யலாம், செய்ததைப் பதிய முடியாது. அப்புறம் அவர் செய்ததை இன்னொருவர் பதிவார், பேர் மாறும், வம்பு.

நான் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, யூடிஏவுக்கு மூன்று வாரம் முன்பு ஒவ்வொருவருக்கும் அனுப்புவேன்:

- சிஏசி (படை அடையாள) அட்டை காலாவதி தேதி. புதுப்பிக்க அப்பாயின்ட்மென்ட் வேண்டும், வார இறுதியில் கிடைப்பது கஷ்டம்.
- சிஸ்டம் கணக்கு உயிரோடு இருக்கிறதா. புதிதாக வேண்டுமென்றால் டிடி ஃபார்ம் 2875, அதோடு அந்த வருட சைபர் பயிற்சிச் சான்றிதழ். இரண்டு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையது ஒருமுறை ஆறு வாரம் எடுத்தது, நடுவில் ஒரு கையெழுத்துக்காக யாரோ ஒருவர் இன்பாக்ஸில் தூங்கியது.
- ஃப்ளைட்லைன் (விமானங்கள் நிற்கும் பகுதி) பேட்ஜ், அதாவது ஏஎஃப் ஃபார்ம் 1199. அதில் எந்தெந்தப் பகுதி எண் திறந்திருக்கிறது என்று பாருங்கள். சொந்தப் பகுதி மட்டும் திறந்திருந்தால் ஆக்டிவ் பக்கத்து நிறுத்துமிடத்தில் கால் வைக்க முடியாது.
- ஓட்டுவதற்கு ஏஎஃப் ஃபார்ம் 483. பத்துப் பேர் வந்து ஒருவருக்கும் ஃப்ளைட்லைனில் வண்டி ஓட்டத் தகுதி இல்லாமல், டூல் பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போன காட்சியை நான் பார்த்திருக்கிறேன்.
- வருடாந்திரக் காது பரிசோதனை, முகமூடி அணிகிறவர்களுக்கு அது முகத்தில் பொருந்துகிறதா என்ற சோதனை. காலாவதியானால் அந்த வேலையிலிருந்து விலக்கிவைப்பார்கள்.

ஏர்லைன்ஸில் மெக்கானிக்காக இருந்துகொண்டு ரிசர்வில் வருகிறவர்கள் நிறைய. அமெரிக்க சிவில் விமானத் துறையான எஃப்ஏஏவின் ஏ அண்ட் பி மெக்கானிக் லைசென்ஸ் வைத்திருப்பார்கள், ஆக்டிவ் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் அளவுக்கு வேலை தெரியும். ஆனால் அந்த லைசென்ஸை வைத்துப் படையின் ஃபார்ம்களில் கையெழுத்துப் போட முடியாது. படையின் பயிற்சிப் பதிவில் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு நேராகத் தேதியும் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். இருபத்தைந்து வருட அனுபவக்காரரிடம் போய் ‘அண்ணா, உங்க ரெக்கார்டுல இது இல்ல’ என்று சொல்லும் நாள் வரும், தயாராக இருங்கள்.

4. கையெழுத்து: இதில்தான் எல்லாம் நிற்கும்

விமானத்தோடு கூடவே சுற்றும் புத்தகம் 781 ஃபார்ம்கள். பழுதையும் அதைச் சரிசெய்ததையும் 781ஏவில் எழுதுவோம். தள்ளிவைத்த வேலைகளும் வரவிருக்கும் இன்ஸ்பெக்‌ஷன்களும் 781கேவில். பறக்கும் முன் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்று 781எச்சில் ஒருவர் கையெழுத்திடுவார், அதற்கு எக்ஸப்ஷனல் ரிலீஸ் என்று பெயர், சுருக்கமாக ஈஆர். சிவப்பு எக்ஸ் போட்டிருந்தால் விமானம் பறக்கக் கூடாது. சிவப்புக் கோடு என்றால் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் பாக்கி, நிலைமை உறுதியில்லை. சிவப்புச் சாய்கோடு, குறை இருக்கிறது ஆனால் தரையில் நிறுத்தும் அளவுக்கு இல்லை. இதெல்லாம் டெக் ஸ்கூலில் படித்ததுதான்.

டெக் ஸ்கூலில் சொல்லாதது எஸ்சிஆர் பட்டியலின் அரசியல். சிவப்பு எக்ஸை யார் எடுக்கலாம், நடுப்படி பரிசோதனையான ஐபிஐயை யார் பார்க்கலாம், எஞ்சினை யார் ஓட்டலாம், ஈஆர் யார் போடலாம் என்று பெயர் பெயராகச் சொல்லும் பட்டியல் அது. இரண்டு யூனிட் என்றால் பெரும்பாலும் இரண்டு பட்டியல். உங்கள் ஆள் உங்கள் பட்டியலில் இருப்பார், விமானம் அவர்களுடையது. அவர் போட்ட கையெழுத்தை ஆக்டிவ் பக்கத்து இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை பார்த்துவிட்டு ‘இது யார்?’ என்று கேட்டால், விமானம் மறுபடி சிவப்பு எக்ஸுக்குப் போகும், செய்த வேலையை மறுபடி பிரிக்கச் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆகவே செய்ய வேண்டியது:

மாதத் தொடக்கத்தில் இரண்டு பட்டியலையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த யூடிஏவுக்கு வரப்போகிறவர்களின் பெயர்களை மார்க்கரால் அடையாளமிடுங்கள். ஒவ்வொரு முக்கியத் தகுதிக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர்தான் என்றால் அந்த ஒருவரின் அந்த வார இறுதி அட்டவணையை, பல் டாக்டர் உட்பட, வாங்கிப் பாருங்கள். இரண்டு பேர் கிடைக்காவிட்டால் ஆக்டிவ் பக்கத்தில் யார் ஷிஃப்டில் இருப்பார் என்று வெள்ளிக்கிழமையே கேட்டு, பெயரையும் போன் நம்பரையும் பலகையில் எழுதுங்கள். அவரிடம் நேரில் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். சும்மா சொல்லவில்லை, முகம் தெரிந்தவன் கூப்பிட்டால் வருகிறவர்கள் முகம் தெரியாதவன் கூப்பிட்டால் ‘எங்க ஆளுங்க வேலையே முடியல’ என்பார்கள்.

இன்னொரு பொறி. ஞாயிறு மூன்று மணிக்கு எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடும், ‘நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்’ என்று பார்க்காமலே கையெழுத்துப் போடும் ஆசை வரும். அங்கே அதற்குப் பென்சில் விப் என்று பெயர். பிடிபட்டால் தகுதி பறிபோகும், அது மட்டும்தான் நடந்தது என்றால் அதிர்ஷ்டசாலி. செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

5. பதினாறு மணி நேரம் என்பது பதினாறு இல்லை

ஒரு யூடிஏ வார இறுதி நாலு பகுதிகள், ஒவ்வொன்றும் குறைந்தது நாலு மணி நேரம். பத்துப் பேர் என்றால் காகிதத்தில் 160 மணி. இதை நம்பித் திட்டம் போட்டால் கெட்டீர்கள். காலை வருகைப் பதிவு, கமாண்டர் பேச்சு, ரத்தம் எடுப்பது, தடுப்பூசி, பல், உடற்தகுதித் தேர்வு, கம்ப்யூட்டர் பயிற்சிகள் எல்லாம் அந்த இரண்டு நாளுக்குள்தான் வந்து விழும், ஆக்டிவ் ஆட்கள் மாதம் முழுக்கப் பரப்பிக்கொள்வதை நாம் இரண்டு நாளில் அடைக்கிறோம். நான் மூன்று மாதம் நோட்டுப் போட்டுக் குறித்துப் பார்த்தேன், பத்துப் பேர் விமானத்தில் கைவைத்த நேரம் எழுபது மணியைத் தாண்டவே இல்லை. அன்றிலிருந்து பாதிக்கும் குறைவாகத்தான் ஒத்துக்கொள்வேன்.

என்ன வேலையைக் கேட்டு வாங்குவது என்பதிலும் புத்தி வேண்டும். ஞாயிறு மதியத்துக்குள் மூடிவிடக் கூடிய வேலையாகக் கேளுங்கள்: டயர், பிரேக், கழுவுதல், உயவு போடுதல், 781கேவில் தள்ளிவைத்துக் கிடக்கும் சிறு குறைகள். எரிபொருள் தொட்டிக்குள் இறங்கும் வேலை, நீண்ட ரிக்கிங் (கட்டுப்பாட்டுப் பாகங்களைச் சரிப்படுத்தும்) வேலை இதையெல்லாம் வருடாந்திர இரண்டு வாரத்துக்கு ஒதுக்குங்கள். தள்ளிவைத்த குறைகளைத் தீர்த்துக் கொடுப்பது யாருக்கும் பெருமையில்லாத வேலை, ஆனால் ஆக்டிவ் பக்கத்தில் நல்ல பேர் வாங்க இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

அட்டவணை போடும் பிரிவு பிஎஸ் அண்ட் டி. ரிசர்வின் யூடிஏ தேதிகள் அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டு முழுமைக்கும் முன்பே வெளிவந்துவிடும். அந்தப் பட்டியலை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அவர்கள் கையில் கொடுத்து, ஒவ்வொரு யூடிஏவுக்கும் ஒரு விமானத்தைத் தரையில் விடும்படி கேளுங்கள். மாதக் கூட்டத்தில் உங்கள் சார்பில் ஒரு ஏஆர்டி உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சனிக்கிழமை வந்து நிற்கும்போது எல்லா விமானமும் பறந்துகொண்டிருக்கும், நீங்கள் ஹேங்கர் பெருக்கிக்கொண்டிருப்பீர்கள். பெருக்கியிருக்கிறேன்.

அக்டோபர் யூடிஏவில் பெரிய வேலை வைக்காதீர்கள். பட்ஜெட் நிறைவேறாமல் அரசு முடங்கினால் வார இறுதிப் பயிற்சியே தள்ளிப்போகும், 2013 அக்டோபரில் அப்படி ஆனது.

6. டூல் ரூம்

பொது டூல் ரூம் என்றால் கதை எளிது, அவர்கள் முறைப்படி வாங்கி அவர்கள் முறைப்படி திருப்பிக் கொடுங்கள். தனித்தனி என்றால், ஒரே விமானத்தில் இரண்டு டூல் ரூமின் பெட்டிகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு கருவியிலும் எண் பொறித்திருக்கும், ஆனால் அவசரத்தில் அவர் ராட்செட்டை நம் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் தேடுவது நடக்கும். முடிந்தவரை ஒரு வேலைக்கு ஒரு பெட்டி.

டார்க் ரெஞ்ச் எடுக்கும்போது காலிப்ரேஷன் ஸ்டிக்கரில் தேதியைப் பாருங்கள். மாதம் ஒருமுறை வருகிற நமக்குப் போன தடவை நன்றாக இருந்ததே என்ற நினைப்பு இருக்கும். காலாவதியான ரெஞ்சால் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கருவி தொலைந்தால் உடனே சொல்ல வேண்டும், விமானத்துக்குச் சிவப்பு எக்ஸ், தேடல் ஆரம்பம். ஒருமுறை ஞாயிறு மூன்றே முக்காலுக்கு ஒரு பத்து மில்லிமீட்டர் சாக்கெட் காணோம். இருபது பேர், டார்ச், கண்ணாடி, முட்டி போட்டுத் தேடல். ஆறரைக்கு ஒருவருடைய மழைக் கோட்டின் கிழிந்த பாக்கெட் வழியாக உள் லைனிங்குக்குள் கிடைத்தது. இரண்டு பேர் ஊர் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டார்கள், டிக்கெட் பணம் அவரவர் பையிலிருந்து. அதன் பிறகு ஞாயிறு இரண்டு மணிக்கு மேல் புதிதாக எந்தப் பெட்டியையும் வாங்க நான் விடுவதில்லை.

7. ஞாயிறு மாலை ஒப்படைப்பு

திங்கட்கிழமை காலை ஆக்டிவ் கிரூ சீஃப் (அந்த விமானத்துக்குப் பொறுப்பான மெக்கானிக்) வந்து பார்க்கும்போது, பேனல் திறந்து கிடக்கிறது, ஃபார்மில் பாதி எழுதியிருக்கிறது, எழுதியவர் 300 மைல் தள்ளி ஏதோ அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கிறார். ரிசர்வைப் பற்றிய கெட்ட பேர் பாதி இங்கே உருவாவதுதான். மீதிப் பாதியை வெள்ளிக்கிழமை ஆக்டிவ் பக்கம் உருவாக்கும், பிரித்துப்போட்ட வேலையை ‘வீக்கெண்ட் பசங்க முடிப்பாங்க’ என்று தள்ளிவிட்டு. அப்படி ஒன்று வந்தால் தொடாமல் முதலில் 781ஏவை முழுக்கப் படித்து, எந்தப் படி வரை கையெழுத்து இருக்கிறது என்று அவர்கள் பொறுப்பாளரோடு நின்று சரிபாருங்கள். அரைகுறையாக இருந்தால் தெளிவாகத் தெரிந்த படிக்குத் திரும்பிப் போங்கள்.

நாம் ஒப்படைக்கும்போது: ஃபார்ம், கம்ப்யூட்டர் இரண்டும் ஒன்றையே சொல்கிறதா, கழற்றிய பாகம் எங்கே, ஆர்டர் போட்ட பாகத்தின் எண் என்ன, அடுத்த படி எது. இதை எழுதியும் கொடுங்கள், ஆளை நேரில் நிறுத்தி விமானத்தைச் சுற்றி நடந்தும் காட்டுங்கள். மெயின்டனன்ஸ் கட்டுப்பாட்டு அறையான எம்ஓசிக்கு விமானத்தின் நிலையைச் சொல்லுங்கள். உங்கள் செல் நம்பரைக் கொடுத்துத் திங்கள் காலை போன் வந்தால் எடுங்கள், மீட்டிங்கில் இருந்தாலும்.

8. பணம், நாள் கணக்கு, முதலாளி

ஒவ்வொரு யூடிஏ பகுதிக்கும் மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு, ஆக ஒரு வார இறுதிக்கு நாலு நாள் சம்பளம். வீட்டு வாடகைப் படி இதில் கிடையாது. வருடத்துக்கு 48 பகுதிகள், அதற்கு மேல் இரண்டு வார வருடாந்திரப் பணி. ஓய்வூதியக் கணக்கில் ஒரு நல்ல வருடத்துக்கு 50 புள்ளி தேவை. ஒரு பகுதிக்கு ஒன்று, பணிநாளுக்கு ஒன்று, உறுப்பினராக இருப்பதற்கு 15. ஒழுங்காக வந்தால் தாராளமாகத் தாண்டிவிடும், ஆனால் தவறவிட்ட யூடிஏவை ஈடுசெய்யும்போது அந்த ஏஎஃப் ஃபார்ம் 40ஏவில் மேலதிகாரி கையெழுத்து வாங்காமல் கிளம்பாதீர்கள், அது இல்லாமல் பணமும் இல்லை புள்ளியும் இல்லை.

போய்வரும் செலவு பெரும்பாலும் நம்முடையது. தினமும் போய்வர முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்குத் தங்கும் அறை கிடைக்கும், அதற்குப் பதிவு செய்யக் கடைசித் தேதி உண்டு, தவறினால் ஹோட்டல் பில் உங்கள் கார்டில். சில பற்றாக்குறைப் பணிகளுக்குப் பயணச் செலவும் ஓரளவு தருவார்கள். உங்கள் பணிக்குறியீடு இந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று வருடா வருடம் கேளுங்கள்.

ஆக்டிவ் பக்கம் ஒரு பெரிய இன்ஸ்பெக்‌ஷனுக்கு ‘நாலு பேர் இரண்டு வாரத்துக்குத் தாங்களேன்’ என்று கேட்பார்கள். நல்ல விஷயம், ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் எந்த மேன்-டே, அதாவது யார் பணத்தில் வரும் பணிநாள், என்று கேளுங்கள். ஆர்பிஏ நாட்கள் ரிசர்வின் பணம், நம் ஆட்களின் பயிற்சிக்கும் நம் யூனிட்டின் தேவைக்கும். ஆக்டிவின் தேவைக்கு ஆட்களை எடுத்தால் அது எம்பிஏ, ஆக்டிவ் பணம், அவர்கள்தான் கோரிக்கை போட வேண்டும். ஒரு பக்கத்துப் பணத்தை இன்னொரு பக்கத்து வேலைக்குச் செலவழிப்பது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல, காங்கிரஸ் தனித்தனியாக ஒதுக்கிய பணம், சட்டப் பிரச்சினை. கோரிக்கை ஒத்துக்கொள்ளப்பட்டு ஆர்டர் கையில் வர, நான் ஒரு மாதத்துக்குக் குறையாமல் கணக்குப் போடுவேன். கையில் ஆர்டர் இல்லாமல் யாரையும் ஊரிலிருந்து கிளம்பச் சொல்லாதீர்கள்.

நாள் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 30 நாளைத் தாண்டிய, அதாவது 31 நாள் ஆர்டர் என்றால் குடும்பத்துக்கும் சேர்த்து ஆக்டிவ் கணக்கில் ட்ரைகேர் மருத்துவக் காப்பீடு, முழு வாடகைப் படி. 30 நாளில் முடிந்தால் அது இல்லை. ஒரே ஒரு நாள் வித்தியாசம், யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். தொடர்ச்சியாக 90 நாள் என்றால் டிடி-214 (பணி முடித்ததற்கான சான்று) கிடைக்கும், வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வேலை பார்க்கும் கம்பெனிக்கு எப்போதும் எழுத்தில் முன்கூட்டிச் சொல்லுங்கள். யூசெரா சட்டம் வேலையைப் பாதுகாக்கும், ஆனால் திரும்பிப் போகக் கெடு உண்டு: 30 நாள் வரையிலான பணி என்றால் வீடு வந்து எட்டு மணி நேர ஓய்வுக்குப் பின் வரும் அடுத்த ஷிஃப்ட், 31 முதல் 180 நாள் என்றால் 14 நாளுக்குள் விண்ணப்பம், 180-ஐத் தாண்டினால் 90 நாள். யூடிஏ தேதிகளின் முழு வருடப் பட்டியலை அக்டோபரிலேயே மேனேஜருக்கு அனுப்பிவிடுங்கள். என் மேனேஜர் ஒருவர் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார், டீம் லஞ்சைக்கூட அதைப் பார்த்துத்தான் வைப்பார்.

பயண பில்லைப் படையின் பயணக் கணக்கு சிஸ்டமான டிடிஎஸ்ஸில் ஐந்து வேலை நாளுக்குள் போட வேண்டும். ஏர்போர்ட்டில் காத்திருக்கும்போதே ரசீதுகளைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

9. அடிபட்டால்

ஸ்டாண்டிலிருந்து சறுக்கி முட்டி இடித்துக்கொண்டு, ‘ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போய் ஐஸ் வைக்கிறேன்’ என்று கிளம்பும் ஆள் ஒவ்வொரு யூனிட்டிலும் உண்டு. விடாதீர்கள். ஆக்டிவ் ஆள் மறுநாள் காலை மருத்துவப் பிரிவுக்குப் போய்க்கொள்வார், நம் ஆள் மறுநாள் சிவிலியன். பணியில் இருக்கும்போது அடிபட்டது என்பதற்கு லைன் ஆஃப் டியூட்டி, ஏஎஃப் ஃபார்ம் 348, தொடங்கியாக வேண்டும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, அன்றைய தேதியில் பதிவு வாங்கி, அவர் அன்று பணியில் இருந்ததற்கான கையெழுத்துத் தாளின் நகலையும் அதோடு வையுங்கள். எங்கள் ஆள் ஒருவர் செய்யாமல் விட்டு, ஐந்து மாதம் கழித்து முட்டி அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை அவர் எங்கே நின்றார், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான், தேதியை என் வெள்ளைப் பலகையின் பழைய போட்டோவில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.